போலிகளின் மேல் நிற்கும் டெஸ்ட்கள்

பைத்தானில் வலைச் செயலிகள் எழுதுகிறவர்களிடையே ஒரு கருத்து ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்த மொழியில் எப்படி எழுதிய கோடையும் டெஸ்ட் செய்துவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலேயே எந்தப் பெயரையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு போலியை வைக்க முடியும் என்பதால் கவலை வேண்டியதில்லை என்பதுதான் அது. டேட்டாபேஸா, மாக் செய். குறுஞ்செய்தி அனுப்பும் சேவையா, மாக் செய். இன்றைய தேதியா, அதையும் மாக் செய். ஒவ்வொரு ஃபங்ஷனையும் அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றிலிருந்தும் துண்டித்துச் சோதிப்பதே முறையான யூனிட் டெஸ்ட் என்றும், அப்படிப்பட்ட டெஸ்ட்கள் தொண்ணூறு விழுக்காடு வரிகளைத் தொட்டுவிட்டால் செயலியைப் பல ஆண்டுகள் அச்சமின்றிப் பராமரிக்கலாம் என்றும் இந்தக் கருத்து மேலும் நீள்கிறது. பயிற்சி வகுப்புகளில் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். கோட் ரிவ்யூவிலும் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். இது தவறான கருத்து என்பது மட்டுமல்ல, தீங்கானதும்கூட என்று நான் நினைக்கிறேன். போலியை எங்கே வேண்டுமானாலும் செருகலாம் என்ற வசதி, பராமரிக்க முடியாத கோடைச் சோதிக்கப்பட்ட கோடாகக் காட்டுகிறது. அந்தக் கோடைத் திருத்தி எழுதும்படி நம்மைத் தள்ளியிருக்கக்கூடிய ஒரே நெருக்கடியையும் அது நீக்கிவிடுகிறது.

மாக் என்ற உத்தி பிறந்த கதையைப் பார்த்தால் இது விளங்கும். 2000ஆம் ஆண்டில் டிம் மெக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமேன், ஃபிலிப் கிரெய்க் மூவரும் ஒரு மாநாட்டுக் கட்டுரையில் மாக் ஆப்ஜெக்ட்களை அறிமுகப்படுத்தினார்கள். அவர்கள் வேலை செய்தது ஜாவாவில். அங்கே ஒரு கிளாஸுக்குள் புதைந்து கிடக்கும் டேட்டாபேஸ் இணைப்பை வெளியிலிருந்து சுலபமாக மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமென்றால் அந்த இணைப்பை வெளியிலிருந்து கொடுக்கும்படி கிளாஸையே திருத்தி எழுத வேண்டும். அதாவது போலியை வைப்பதற்கே முதலில் வடிவமைப்பைச் சீர்செய்தாக வேண்டியிருந்தது. யார் யாரோடு பேசுகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்பதைக் கண்டறியும் கருவியாகத்தான் அவர்கள் மாக்கைப் பார்த்தார்கள். தம் கைவசமில்லாத வெளி நூலகங்களை மாக் செய்யாதீர்கள் என்று அதே மரபினர் திரும்பத் திரும்ப எச்சரித்தும் வந்தார்கள். பைத்தானுக்கு மைக்கேல் ஃபோர்ட் எழுதிய மாக் நூலகம் 2012இல், 3.3ஆம் பதிப்பில், மொழியின் நிலையான நூலகத்துக்குள் வந்தது. மிகத் திறமையாக எழுதப்பட்ட நூலகம் அது. அதன் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அதில் உள்ள பேட்ச் என்ற வசதி, வடிவமைப்பைத் தொடாமலே போலியை வைக்க விடுகிறது. மாட்யூலின் பெயரைப் புள்ளி வைத்து எழுதிக் கொடுத்தால் போதும். ஜாவாக்காரர்கள் திருத்தி எழுதிய பிறகு அடைந்த இடத்துக்கு நாம் திருத்தாமலே போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். போய்ச் சேரவில்லை.

ஒரு கல்லூரி நூலகச் செயலியை எடுத்துக்கொள்வோம். வாசகர் நூலைத் திருப்பித் தரும்போது ஜாங்கோவில் எழுதிய ஒரு வியூ ஓடுகிறது. அது கடன் பதிவை டேட்டாபேஸிலிருந்து எடுக்கிறது, இன்றைய தேதியைப் பார்க்கிறது, பதினான்கு நாளுக்கு மேல் ஆகியிருந்தால் நாளுக்கு ஒரு ரூபாய் வீதம் அபராதம் கணக்கிடுகிறது, இடையில் வந்த விடுமுறைகளைக் கழிக்கிறது, ஆசிரியராக இருந்தால் விலக்கு அளிக்கிறது, ஐம்பது ரூபாய்க்கு மேல் போகாமல் நிறுத்துகிறது, பதிவைச் சேமிக்கிறது, குறுஞ்செய்தி அனுப்புகிறது. எல்லாம் ஒரே ஃபங்ஷனில், நாற்பது ஐம்பது வரிகளில். இதை இன்றைய வழக்கப்படி டெஸ்ட் செய்வதென்றால் கடன் மாடலைப் பேட்ச் செய்ய வேண்டும், விடுமுறை மாடலைப் பேட்ச் செய்ய வேண்டும், குறுஞ்செய்தி ஃபங்ஷனைப் பேட்ச் செய்ய வேண்டும். தேதியையும் பேட்ச் செய்ய முனைந்தால் பைத்தானே தடுக்கும். டேட் என்ற டைப் சி மொழியில் எழுதப்பட்டது, அதன் டுடே என்ற உறுப்பை மாற்ற அனுமதியில்லை. ஆகவே நம் மாட்யூலில் இறக்குமதியான டேட் என்ற பெயரையே பேட்ச் செய்வார்கள். உடனே அதே மாட்யூலில் வேறெங்கோ ஒரு மதிப்பு தேதிதானா என்று டைப் பார்க்கும் வரி உடையும். இந்தத் தொல்லைக்காகவே ஃப்ரீஸ்கன் போன்ற தனி நூலகங்கள் புழக்கத்தில் உள்ளன. இத்தனைக்கும் அபராதக் கணக்குக்குத் தேவை ஒரு தேதி மட்டுமே. அதை ஃபங்ஷனுக்குள் ஒரு மதிப்பாகக் கொடுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே எழுந்திருக்காது.

டெஸ்ட் எழுதத் தொல்லையாக இருக்கிறதே என்பது கோட் நமக்குத் தரும் தகவல். நாற்பது வரிக்குள் நான்கு வேலைகள் பின்னிக் கிடக்கின்றன என்று அது சொல்கிறது. பேட்ச் அந்தத் தகவலைக் கேட்க விடாமல் செய்கிறது. இதைவிடக் கவலைக்குரியது, போலிகள் எதையும் மறுக்காமல் தலையாட்டும் இயல்பு. பேட்ச் இயல்பாக வைக்கும் மேஜிக்மாக்கை முழு எண்ணாக மாற்றினால் ஒன்று என்ற விடை வரும். அதன் நீளத்தைக் கேட்டால் பூஜ்யம். உண்மையா பொய்யா என்று கேட்டால் உண்மை. அதன் மேல் ஃபார் லூப் ஓட்டினால் ஒரு சுற்றுகூட ஓடாமல் அமைதியாக முடியும். இவையெல்லாம் பைத்தான் ஆவணத்திலேயே எழுதப்பட்டுள்ள இயல்பு மதிப்புகள். அப்படியென்றால் விடுமுறைப் பட்டியலைப் போலியாக்கிவிட்டு அதன் மேல் லூப் ஓட்டும் டெஸ்ட், விடுமுறைகளைக் கழிக்கும் கோடை ஒருமுறைகூட ஓட்டாமலே பச்சை காட்டும். வாசகர் ஆசிரியரா என்று கேட்கும் வரிக்குப் போலி வாசகர் எப்போதும் ஆம் என்றே சொல்வார்.

மாக் நூலகத்தின் வரலாற்றிலேயே இதற்கு வலுவான சான்று இருக்கிறது. ஒரு போலி ஒரே ஒரு முறை அழைக்கப்பட்டதா என்று பார்க்கப் பலர் அசெர்ட்_கால்ட்_ஒன்ஸ் என்று எழுதினார்கள். தொடக்கப் பதிப்புகளில் அப்படி ஒரு மெத்தடே கிடையாது. இல்லாத பெயரைக் கேட்டாலும் புதிதாக ஒரு போலியைச் செய்து கையில் கொடுப்பதே மாக்கின் இயல்பு என்பதால் அந்த வரி எந்தப் புகாருமின்றி ஓடியது. டெஸ்ட் எதையும் சோதிக்காமலே வெற்றி என்றது. 2015இல் வந்த 3.5ஆம் பதிப்பில்தான் அசெர்ட் என்று தொடங்கும், இல்லாத பெயர்களைக் கேட்டால் பிழை எழுப்பும் காவல் சேர்ந்தது. 3.6இல் அந்த மெத்தடையே சேர்த்துவிட்டார்கள். அசெர்ட் என்ற முன்னொட்டை விட்டுவிட்டு எழுதும் தவறுக்கான காவல் இன்னும் பின்னால்தான் வந்தது. மொழியைப் பராமரிப்பவர்கள் எழுத்துப் பிழைகளையே பட்டியலிட்டுத் தடுக்க வேண்டிவந்தது என்றால், எத்தனை டெஸ்ட்கள் வெறுமனே பச்சை காட்டிக்கொண்டிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உண்மையான பொருளின் வடிவத்தைப் போலியில் நகலெடுக்கும் ஆட்டோஸ்பெக்கைப் பயன்படுத்தினால் தீர்ந்துவிடும் என்பார்கள். இல்லாத பெயரையும் தவறான அளவுருக்களையும் அது பிடிக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இதன் உச்சத்தை, டேட்டாபேஸ் கேள்விகளைப் பைத்தானில் எழுத உதவும் ஓஆர்எம்மைப் போலியாக்கும் மாக்குகளில் பார்க்கலாம். ஜாங்கோவில் கேள்விகள் சங்கிலியாக எழுதப்படுகின்றன: ஃபில்டர், அதன் பின் ஆர்டர்_பை, அதன் பின் ஃபர்ஸ்ட். இதைப் போலியாக்க டெஸ்டிலும் அதே சங்கிலியை ரிடர்ன்_வேல்யூ, ரிடர்ன்_வேல்யூ என்று ஒவ்வொரு கண்ணியாகக் கட்ட வேண்டும். கோடை ஒருமுறை எழுதிவிட்டு, அதையே டெஸ்டில் வேறு எழுத்தில் இன்னொரு முறை எழுதுகிறோம். நாளை ஒருவர் ஃபில்டரையும் ஃபர்ஸ்டையும் சேர்த்து எழுதிய இடத்தில் கெட் என்று மாற்றினால், எந்த மாணவருக்கும் அபராதத்தில் ஒரு பைசா வித்தியாசம் வராது. ஆனாலும் டெஸ்ட் உடையும். இன்னொருவர் ஃபில்டருக்குள் திருப்பிய நாளுக்குப் பதிலாகக் கடன் வாங்கிய நாளை எழுதிவிட்டால் கணக்கு முழுதும் கெடும். ஃபில்டர் என்ன அளவுரு வாங்கினாலும் போலி ஒரே பதிலைத்தான் தரும் என்பதால் டெஸ்ட் தேறிவிடும். நடத்தை மாறாதபோது அலறவும், நடத்தை கெட்டபோது அமைதியாக இருக்கவும் ஒரு டெஸ்டால் முடியுமென்றால் அது இருப்பதைவிட இல்லாததே மேல். இல்லாவிட்டால் குறைந்தபட்சம் நாம் எச்சரிக்கையாக இருப்போம். பராமரிப்பு என்றாலே மாற்றம்தான். மாற்றுகிறவருக்கு டெஸ்ட்கள் துணிவைத் தர வேண்டும். இந்த டெஸ்ட்கள் நல்ல திருத்தங்களைத் தண்டிப்பதால், ஆறு மாதத்தில் யாரும் எதையும் திருத்தாமல் விட்டுவிடுகிறார்கள். கோட் கெட்டிப்பட்டுப் போவது இப்படித்தான்.

அப்படியானால் சோதிக்கக்கூடிய தன்மை எங்கிருந்து வருகிறது? பைத்தான் வலை உலகமே இதற்கு அருமையான விடைகளை வைத்திருக்கிறது; வியப்பு என்னவென்றால் தினமும் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டே அவற்றின் பாடத்தைக் கவனிக்காமல் போகிறோம். 2003இல் ஃபிலிப் ஜே. எபி முன்வைத்த பெப் 333, அதாவது விஸ்கி என்ற உடன்பாடு, வலைச் செயலி என்பதை ஒரு சாதாரண ஃபங்ஷனாக வரையறுத்தது. கோரிக்கையின் விவரங்கள் ஒரு டிக்‌ஷனரியாக உள்ளே வரும், பதில் பைட்களாக வெளியே போகும். சாக்கெட், போர்ட், அப்பாச்சி எதுவும் அந்த வரையறைக்குள் இல்லை. அதனால்தான் ஃப்ளாஸ்கின் டெஸ்ட் கிளையன்ட் சர்வரே இல்லாமல் செயலியின் எந்தப் பக்கத்தையும் அழைத்துப் பார்க்கிறது. நெட்வொர்க்கைப் போலியாக்க யாரும் எதையும் பேட்ச் செய்யவில்லை. எல்லை சரியான இடத்தில் போடப்பட்டதால் போலியே தேவைப்படவில்லை. ஜாங்கோவின் மின்னஞ்சலும் அப்படித்தான். அஞ்சலை அனுப்பும் வேலை ஒரு பேக்எண்டிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. டெஸ்ட் ஓடும்போது ஜாங்கோ தானாகவே நினைவகத்தில் சேமிக்கும் பேக்எண்டுக்கு மாறிக்கொள்கிறது. அனுப்பப்பட்டவை அவுட்பாக்ஸ் என்ற பட்டியலில் வந்து நிற்கும். அங்கே நிற்பது ஆமாம்சாமிப் போலி அல்ல. பெறுநர், தலைப்பு, உள்ளடக்கம் எல்லாம் கொண்ட உண்மையான அஞ்சல் பொருள். ஃபாஸ்ட்ஏபிஐயில் டிபெண்ட்ஸ் மூலம் கேட்டு வாங்கும் சார்புகளை டெஸ்டில் மாற்றிக்கொள்ள டிபெண்டென்சி_ஓவர்ரைட்ஸ் இருப்பதும் இதே சிந்தனைதான். மாற்றக்கூடிய இடம் இது என்று எழுதுகிறவர் முன்கூட்டியே தீர்மானித்து, அந்த இடத்தைத் திறந்து வைக்கிறார். பேட்ச் செய்யும்போது அப்படி ஒரு தீர்மானமே நிகழ்வதில்லை.

நூலகச் செயலிக்கு இதைப் பொருத்தினால் வேலை பெரிதல்ல. அபராதம் கணக்கிடுவதை மட்டும் தனி ஃபங்ஷனாக வெளியே எடுங்கள். கடன் வாங்கிய நாள், திருப்பிய நாள், விடுமுறைகளின் தொகுப்பு, வாசகரின் வகை ஆகியவை உள்ளே போகட்டும். ரூபாய் வெளியே வரட்டும். டேட்டாபேஸைப் பற்றி அதற்குத் தெரிய வேண்டாம், இன்று என்ன தேதி என்றும் தெரிய வேண்டாம். இதற்கு பைடெஸ்டில் பாராமெட்ரைஸ் போட்டு இருபது முப்பது சந்தர்ப்பங்களை வரிசையாக எழுதலாம்: சரியாகப் பதினான்காம் நாள், பதினைந்தாம் நாள், பதினைந்தாம் நாளே விடுமுறையாக இருந்தால், பொங்கல் விடுமுறை நடுவில் வந்தால், ஆசிரியர் நூறு நாள் தாமதித்தால், மாணவர் அறுபத்து மூன்று நாளும் அறுபத்து நான்கு நாளும் அறுபத்தைந்து நாளும் வைத்திருந்தால். ஒரு போலியும் வேண்டாம். அத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி முடியும், நூலகரே அந்தப் பட்டியலைப் படித்துச் சரிபார்க்கலாம். மீதியுள்ள வியூ மெலிந்துவிடும்: எடு, கணக்கிடச் சொல், சேமி, அனுப்பு. அதை உண்மையான டேட்டாபேஸோடு டெஸ்ட் கிளையன்ட் மூலம் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்தால் இணைப்புகள் சரியா என்பது தெரிந்துவிடும். கேரி பெர்ன்ஹார்ட் 2012 வாக்கில் தம் உரைகளில் விளக்கிய வடிவம் ஏறக்குறைய இதுதான். முடிவெடுக்கும் கோட் உள்ளே தூய்மையாகவும், உலகத்தோடு பேசும் கோட் வெளியே மெல்லிய ஓடாகவும் இருக்க வேண்டும் என்றார் அவர்.

உண்மையான டேட்டாபேஸோடு ஓட்டினால் டெஸ்ட்கள் மெதுவாகும் என்பது உடனே எழும் மறுப்பு. ஒரு காலத்தில் இதில் நியாயம் இருந்தது, இப்போது இல்லை. ஜாங்கோவின் டெஸ்ட்கேஸ் ஒவ்வொரு டெஸ்டையும் ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்டி முடிவில் ரோல்பேக் செய்துவிடுகிறது, அட்டவணைகளை அழித்துக் கட்டும் செலவில்லை. 1.8ஆம் பதிப்பு டெஸ்ட் கிளாஸுக்கு ஒருமுறை மட்டும் தரவைத் தயாரிக்கும் வசதியையும், டெஸ்ட் டேட்டாபேஸை அழிக்காமல் வைத்திருக்கும் கீப்டிபி தேர்வையும் தந்தது, 1.9 பல கோர்களில் இணையாக ஓட்டவும் வழிசெய்தது. இரண்டுமே 2015இல் வந்தவை. கணக்குகள் எல்லாம் தூய ஃபங்ஷன்களுக்குப் போய்விட்டதால் டேட்டாபேஸைத் தொடும் டெஸ்ட்களின் எண்ணிக்கையும் சுருங்கிவிடும். வேகத்துக்காக போஸ்ட்கிரெஸுக்குப் பதில் எஸ்க்யூலைட்டில் டெஸ்ட் ஓட்டுவதையும் நான் ஏற்கவில்லை. ஒரே நூலை இருவர் ஒரே நொடியில் எடுக்காமல் தடுக்க செலக்ட்_ஃபார்_அப்டேட் எழுதியிருப்பீர்கள். எஸ்க்யூலைட்டில் அதற்கு எந்த விளைவும் கிடையாது, புகாரும் வராது. எழுத்து நீளக் கட்டுப்பாட்டையும் அது கண்டுகொள்ளாது. ரோல்பேக் முறைக்கும் ஒரு குறை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கமிட் நடக்காததால், ஆன்_கமிட்டில் பதிந்துவைத்த குறுஞ்செய்தி வேலை ஓடாது. 2021இல் வந்த 3.2ஆம் பதிப்பு அந்த அழைப்புகளைப் பிடித்து ஓட்டிப் பார்க்கும் வழியைக் கொடுத்தது. குறை இருந்தது, ஃப்ரேம்வொர்க்கே அதைத் தீர்த்தது. போலி ஓஆர்எம்மின் குறைகளைத் தீர்க்க அப்படி ஒருவரும் வர முடியாது.

குறுஞ்செய்தி நிறுவனத்தின் சேவையையும் நிஜமாக அழைக்கச் சொல்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. வெளியார் சேவைக்குப் போலி வேண்டும். அதை எங்கே வைப்பது என்பதில்தான் வேறுபாடு. ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தின் போஸ்ட் ஃபங்ஷனைச் செயலி முழுக்க இருபது இடங்களில் பேட்ச் செய்வதற்குப் பதிலாக, இந்த எண்ணுக்கு இந்தச் செய்தியை அனுப்பு என்ற ஒரே மெத்தட் கொண்ட சிறிய கிளாஸை நாமே எழுதி, செயலி அதனிடம் மட்டுமே பேசும்படி வைக்க வேண்டும். டெஸ்டில் நிற்கும் மாற்று கிளாஸ் செய்திகளை ஒரு பட்டியலில் சேர்த்து வைக்கும், தவறான எண் வந்தால் உண்மையானதைப் போலவே பிழை எழுப்பும். உண்மையான சேவையோடு பேசும் கோடை அந்நிறுவனம் தரும் சோதனைச் சூழலில் நாளுக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று தெரியும். நிறுவனத்தை மாற்றினால் ஒரே கோப்பு மாறும்.

இதைவிடத் தீவிரமான மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. டெஸ்டுக்காகக் கோடைப் பிரிப்பது வடிவமைப்பைச் சிதைக்கிறது என்று ரூபி ஆன் ரெயில்ஸை உருவாக்கிய டேவிட் ஹைன்மையர் ஹான்சன் 2014இல் கடுமையாக எழுதினார். ஜாங்கோவில் எழுதுகிறவர்கள் பலர் அதே குரலில் பேசுகிறார்கள்: ரெபாசிட்டரி, சர்வீஸ், இன்டர்ஃபேஸ் என்று அடுக்கடுக்காகக் கட்டினால் பைத்தான் எளிமையை இழந்துவிடும், இதற்கு ஜாவாவிலேயே எழுதியிருக்கலாம் என்று. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் தாக்கியது எதை என்று கவனிக்க வேண்டும். டேட்டாபேஸைத் தொடாமல் டெஸ்ட் செய்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்துக்காகச் செருகப்படும் அடுக்குகளையே அவர் தாக்கினார். அந்தப் பிடிவாதமும் எல்லாவற்றையும் மாக் செய்யும் வழக்கமும் ஒரே கொள்கையிலிருந்து பிறந்தவை. அதைத் தொடர்ந்து அவ்வாண்டு நடந்த உரையாடல்களில் டெஸ்ட்டை முன்னிறுத்தும் முறையின் முன்னோடியான கென்ட் பெக்கே, தாம் ஏறக்குறைய எதையும் மாக் செய்வதில்லை என்று சொன்னார். நான் கேட்பது அடுக்குகளை அல்ல, நான்கு மதிப்புகளை வாங்கி ஒரு மதிப்பைத் தரும் ஃபங்ஷனை. பைத்தானில் இதைவிட எளிய பொருள் கிடையாது. படிவத்தை வாங்கி அப்படியே சேமிப்பதைத் தவிர வேறு வேலையில்லாத பக்கங்களுக்கு அதுவும் வேண்டாம். ஜாங்கோவின் மாடலும் ஃபார்மும் போதும், டெஸ்ட் கிளையன்டில் ஒரு சுற்று ஓட்டினால் போதும்.

கவரேஜ் எண் குறையுமே என்ற கவலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்த வரி ஓடியது என்பதைத்தான் கவரேஜ் கருவி அளக்கிறது. ஓடிய வரியின் விடையை யாராவது சரிபார்த்தார்களா என்று அதற்குத் தெரியாது. எண்தான் வேண்டுமென்றால் மியூட்மட் போன்ற கருவியை ஓட்டலாம். அது கோடில் கூட்டலைக் கழித்தலாக்கும், பெரிது என்பதைப் பெரிது அல்லது சமம் என்றாக்கும். பிறகு டெஸ்ட்கள் ஏதாவது அலறுகின்றனவா என்று பார்க்கும். ஓஆர்எம்மைப் போலியாக்கிய டெஸ்ட்களிடம் ஃபில்டரின் நிபந்தனையை இப்படி மாற்றிப் பாருங்கள், எத்தனை மாற்றங்கள் பிடிபடாமல் தப்புகின்றன என்று தெரியும்.

எஞ்சியிருப்பது ஏற்கெனவே இருக்கும் பழைய செயலி. டெஸ்ட் இல்லாமல் திருத்தினால் உடையும், திருத்தாமல் நல்ல டெஸ்ட் எழுத முடியாது. இந்தச் சிக்கலை மைக்கேல் ஃபெதர்ஸ் 2004இலேயே தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இங்கேதான் பேட்ச்சுக்கு நேர்மையான இடம் இருக்கிறது. ஐம்பது வரி வியூவைச் சுற்றிப் பேட்ச் போட்டு இன்றைய நடத்தையைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். அதன் காவலில் அபராதக் கணக்கை வெளியே எடுங்கள், அதற்குப் போலியில்லாத டெஸ்ட்களை எழுதுங்கள், டேட்டாபேஸோடு ஓடும் ஒரு டெஸ்டைச் சேருங்கள். பிறகு அந்தப் பேட்ச் டெஸ்ட்டை அதே கமிட்டில் நீக்குங்கள். வைத்திருந்தால் அடுத்து வருகிறவர் அதை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டு இன்னும் பத்து எழுதுவார். இதற்காகத் தனித் திட்டமோ மூன்று மாத அவகாசமோ கேட்க வேண்டியதில்லை. அபராத விகிதத்தை மாற்றச் சொல்லி நூலகத்திலிருந்து கோரிக்கை வரும் நாளன்று அந்த வியூவை எப்படியும் திறக்கத்தான் போகிறோம்.